சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (ஒக்டோபர் 10, 1822 - மே 28, 1884) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் கிறித்தவ மதப்பணியாளரும் ஆவார். அமெரிக்க இலங்கை மிசனின் மருத்துவராக யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய இவர், மானிப்பாயில் மருத்துவமனையொன்றை நிறுவி, அதனுடன் இணைந்ததாக இலங்கையின் முதலாவது மேனாட்டு மருத்துவக் கல்விக்கூடத்தை நடத்தினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மொழியிலேயே கற்பித்தமையும், அதன் பொருட்டு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டமையும் இவரது முதன்மையான பணிகளாகும். அறிவியல் தமிழின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகின்றார். தமிழ் நூல்களில் இவர் பெயர் கிரீன் எனவும் எழுதப்படுவதுண்டு.

பிறப்பும் கல்வியும்

கிறீன், மாசாச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் எலைஜா கிறீன். தாய் ஜூலியா பிளிம்ப்டன். குடும்பத்தினர் வாழ்ந்த பண்ணை நிலம் கிறீன் ஹில் என அழைக்கப்பட்டது. இவருடைய தமையனாரான அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் நியூ யோர்க் நகர வரலாற்றில் இடம்பெற்றவர். அந்நகரின் மத்திய பூங்கா உருவாக்கத்திலும், 1898 ஆம் ஆண்டில் அயல் நகரங்கள் ஒன்றிணைக்கப்பட்டு இன்றைய நியூ யோர்க் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

சாமுவேல் கிறீன் நியூ யோர்க்கில் உள்ள மருத்துவர் மற்றும் அறுவை மருத்துவர் கல்லூரியில் பயின்று 1845 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். சமய ஈடுபாடு மிக்கவராக இருந்தமையால், தம் தொழிலை வெளிநாட்டு மதப்பணியுடன் இணைத்துச் செய்ய விரும்பினார். அமெரிக்க மிசன் சங்கம் இவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத் தெரிவு செய்தது. 1847 ஆம் ஆண்டில் கப்பலேறிய இவர், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 

அக்காலத்து யாழ்ப்பாணம்

அமெரிக்க மிசன் 1816 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இயங்கி வந்தது. மருத்துவப் பணியும் தொடக்கத்திலேயே அதன் ஒரு கூறாக அமைந்தது. 1820 ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கிய ஜோன் ஸ்கடர் இம்மிசனின் முதல் மருத்துவர். அவர் 1836 இல் சென்னைக்குச் சென்றபின் நேதன் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். வார்டின் இடத்துக்கே கிறீன் அனுப்பப்பட்டார்.

1823 இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறி, கணிதம், வானியல் போன்ற மேனாட்டுக் கல்வித்துறைகளை ஆங்கிலத்தில் கற்பித்து வந்தது. அதே வேளையில் தமிழில் அறிவியல் எழுதும் முயற்சியும் அங்கே நிகழ்ந்தது. 1842 ஆம் ஆண்டில் மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. ஹொய்சிங்டன் எழுதிய சோதி சாஸ்திரம் 1848 இலும், கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் 1855 இலும் வெளியாயின. மானிப்பாயில் மிசனுக்குச் சொந்தமான அச்சுக்கூடம் ஒன்றும் இருந்தது. எனவே, கிறீன் தமிழில் எழுதத் தொடங்கியபோது அதற்கான தளம் ஓரளவுக்கு அமைந்திருந்தது.

மக்களுக்கு மருத்துவம் செய்தோர் ஊர்தோறும் இருந்த பரம்பரை வைத்தியர்களே. அவர்கள் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய தமிழ் வைத்திய நூல்களைக் கைக்கொண்டு வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி பரவி, ஊர்களைப் பெரிதும் பாதித்தன. அறுவை மருத்துவமும், சிக்கலான மகப்பேற்றில் உதவியும் அன்றைய நாட்டு மருத்துவத்தில் குறைவாகவே காணப்பட்டன. ஆங்கிலேயர் அரசு அமர்த்திய மருத்துவர்களோ மிகச் சிலர். அவர்களுள் நோயாளியுடன் தமிழில் பேசக்கூடியோர் அரிது.

மானிப்பாய் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும்

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிப் பணியைத் தொடங்கினார். 1848 இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். வந்த நாள் முதலே தமிழ் கற்பதில் ஈடுபட்ட இவர், நாளடைவில் மொழிபெயர்ப்பாளர் உதவியின்றி நோயாளிகளை விசாரிக்கவும், மாணவருக்குப் பாடம் சொல்லவும், தமிழ் உரைநடையைத் திருத்தவும் வல்லவரானார்.

ஒரு மருத்துவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாலும் குடாநாடு முழுவதற்கும் அது போதாது என்பதைக் கிறீன் விரைவில் உணர்ந்தார். ஆகவே 1848 ஆம் ஆண்டிலேயே சில மாணவரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இலேயே தொடங்கப்பட்டது. அவ்வகையில் மானிப்பாய் வகுப்பு அதற்கு 22 ஆண்டுகள் முற்பட்டதாகும். மாணவர் மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் உதவியாளராக நின்று தொழிலைக் கற்றனர்.

1850 இல் யாழ்ப்பாண நகரில், வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக்கின் முயற்சியால் நண்பர் உதவிச் சங்கத்தின் மருத்துவமனை உருவானது. இதுவே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. அதன் தொடக்க காலத்தில் கிறீனும் அவருடைய மாணவர்களும் அங்கே பணியாற்றினர்.

மருந்து பெற வருவோருக்குச் சமய போதனை செய்வதும் மிசனின் வழக்கமாக இருந்தது. கிறீனும் அதைத் தம் கடமையாகவே கருதினார். சைவ சமயத்தைச் சார்ந்த மக்கள் மருந்தை ஏற்றுக்கொண்டபோதும், மதமாற்ற முயற்சியைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. கிறீன் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டில் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், மிசன்களின் மதமாற்றத்துக்கு எதிரான இயக்கத்தை முன்னெடுத்த காலமும் இதுவே. தமிழில் உரைநடை நூல்களை அச்சிட்டுக் கல்வியைப் பரப்புவதில் மட்டும் இவ்விருவரின் வழிகளும் ஒத்திருந்தன எனலாம்.

ஆங்கிலவழிக் கல்வியால் எழுந்த சிக்கல்

தொடக்கத்தில் மருத்துவ வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. மாணவர் பலரும் செமினறியில் ஆங்கிலம் பயின்றவர்களாதலால் இதில் இடர்ப்பாடு எதுவும் இருக்கவில்லை. பாடநூல்களும் ஆங்கிலத்திலேயே கிடைத்தன. ஆயினும் சில ஆண்டுகளில் இம்முறையின் விளைவு தெளிவாகியது.

ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவருக்கு இலங்கையின் பிற பகுதிகளில் நல்ல வரவேற்பு இருந்தது. அரசு மருத்துவச் சேவை அவர்களைச் சம்பளம் கொடுத்து ஏற்றுக்கொண்டது. மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருமளவில் அங்கு சென்றுகொண்டிருந்தனர். யாழ்ப்பாணத்தின் சிற்றூர்களில் நோயாளி கொடுக்கும் சிறு தொகையை நம்பி வாழ்வதிலும், வெளியிடங்களில் கிடைத்த நிலையான வருவாய் மேலானதாகத் தோன்றியது. எனவே பயிற்சி பெற்றவர் பலர் குடாநாட்டை விட்டு நீங்கினர். யாருக்காகப் பயிற்சி அளிக்கப்பட்டதோ அம்மக்களுக்கு மருத்துவர் இல்லாத நிலை தொடர்ந்தது.

இதே சிக்கல் செமினறியிலும் இருந்தது. அங்கு கற்றோரும் மிசன் பணியை விட அரசு உத்தியோகத்தையே நாடினர். மிசன் சங்கத்தின் செயலாளராக இருந்த ரூபஸ் அன்டர்சன், மிசன் கல்வி தாய்மொழியிலேயே நடக்கவேண்டும் என்னும் கொள்கையை உடையவர். அவர் நேரில் வந்து பார்வையிட்டபின் 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது.

கிறீனின் கருத்து அன்டர்சனுடைய கருத்தோடு பெருமளவு ஒத்திருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தை நீக்குவதோடு கிறீன் நின்றுவிடவில்லை. அதே அளவு உயர்ந்த கல்வியைத் தமிழில் தரவேண்டும் என அவர் எண்ணினார். மருத்துவர் தாம் கற்றதைத் தம் ஊராருக்கு அவர்களுடைய சொற்களிலேயே எடுத்துச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும் என்பதும், தமிழில் கற்றவர் தமிழ் மக்களிடையே தங்குவார் என்பதும் அவருடைய எதிர்பார்ப்புகளாக இருந்தன.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான போக்கு நிலவியது. 1822 இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட சுதேச மருத்துவ நிறுவனம் இந்திய மொழியில் மருத்துவம் கற்பித்து வந்தது. 1835 இல் அதை மூடிய அரசு, ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரியை அங்கே தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையிலும் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இதனைக் கருத்திற் கொண்டால், மானிப்பாயில் ஒரு தனி மருத்துவர் மேற்கொண்ட முடிவு காலனிய அரசின் பொதுப்போக்குக்கு மாறானது என்பது விளங்கும்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

1857 இல் உடல்நலக் குறைவு காரணமாகக் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கு ஐந்து ஆண்டுகள் வரை தங்கியிருந்தபோது மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1862 இல் மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இதன் பின்னர் மருத்துவ வகுப்பு தமிழுக்கு மாற்றப்பட்டது.

இம்மாற்றத்தை மாணவர் அனைவரும் விரும்பினர் எனக் கூறமுடியாது. ஆங்கிலம் அறிந்தவருக்கே அரசில் வேலையும் சமூகத்தில் மதிப்பும் கிடைத்த காலத்தில், தமிழில் மருத்துவம் கற்பது வாய்ப்புகளைக் குறைத்துக்கொள்வதாகப் பலருக்குத் தோன்றியது இயல்பே. கிறீன் விரும்பியதும் ஏறக்குறைய அதுவே. வெளியே செல்லும் வாய்ப்புக் குறைந்தால் மருத்துவர் ஊரிலேயே இருப்பர் என அவர் கருதினார். ஊருக்கு நன்மையான ஒன்று, கற்கும் இளைஞனின் முன்னேற்றத்துக்குத் தடையாக அமையக்கூடும் என்னும் முரண் இத்திட்டத்தில் தொடக்கம் முதலே இருந்தது.

கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் கற்றவர்கள். 1866-67 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கடுமையாகப் பரவியபோது, ஊர்களில் மருத்துவ உதவி அளிக்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் மருத்துவர்கள் இருந்தமை இக்கல்வியின் பயனைக் காட்டியது. தூய நீரின் தேவை, நோயாளியைப் பேணும் முறை போன்றவற்றை வீடு வீடாக விளக்க வேண்டிய வேளையில், மருத்துவரின் மொழியும் மக்களின் மொழியும் ஒன்றாக இருந்தது பெருந்துணையாயிற்று.

மொழிபெயர்ப்புப் பணி

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். அவ்வகை நூல்கள் அன்று இல்லை. எனவே கிறீன் அவற்றை உருவாக்கும் வேலையைத் தாமே மேற்கொண்டார். வகுப்பு முழுமையாகத் தமிழுக்கு மாறுவதற்கு முன்பே இப்பணி தொடங்கிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அக்காலத்தில் மருத்துவ மாணவர் பயன்படுத்திய தரமான பாடநூல்களையே அவர் தெரிவு செய்தார். சிற்றூர் மருத்துவருக்கு எளிய கையேடு போதும் என்று அவர் எண்ணவில்லை என்பதை இத்தெரிவு காட்டுகின்றது. ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூல் 1858 இல் இலண்டனில் வெளியானது. அடுத்த 14 ஆண்டுகளுக்குள் அது தமிழில் கிடைத்தது.

மொழிபெயர்ப்பு கிறீன் ஒருவரால் மட்டும் செய்யப்பட்டதன்று. டான்வோத், சாப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவருடன் உழைத்தனர். இப்பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாகத் தோன்றினாலும் இவர்கள் யாழ்ப்பாணத் தமிழரே. மிசன் பள்ளிகளில் சேர்ந்த மாணவருக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கத்தால் இப்பெயர்கள் ஏற்பட்டன. மாணவர் எழுதியவற்றைக் கிறீன் மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தினார்.

இவ்வாறு வெளிவந்த முதன்மையான நூல்கள் வருமாறு:

அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் (1852) - கல்வின் கட்டர் எழுதிய உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் பற்றிய நூலின் தமிழாக்கம்.
பிரசவ வைத்தியம் (1857) - மோன்செலின் மகப்பேற்று மருத்துவ நூல்.
இரண வைத்தியம் (1867) - துரூவிட்டின் அறுவை மருத்துவ நூல்.
மனுஷ அங்காதிபாதம் (1872) - கிரேயின் உடற்கூற்றியல்.
வைத்தியாகரம் (1872) - ஹூப்பரின் பொது மருத்துவக் கையேடு.
கெமிஸ்தம் (1875) - வேதியியல் பாடநூல்.
மனுஷ சுகரணம் (1883) - டால்ட்டனின் உடற்றொழிலியல்.
இந்து பதார்த்த சாரம் (1884) - இந்திய மருந்துச் சரக்குகள் பற்றிய நூல்.

இவற்றோடு மருத்துவத் துறைகளுக்கான ஆங்கில - தமிழ்க் கலைச்சொல் தொகுதிகளும் வெளியிடப்பட்டன. அனைத்தும் சேர்ந்து நான்காயிரம் பக்கங்களைக் கடந்தவை. இதே காலப்பகுதியில் தமிழ்நாட்டில் ஜெகந்நாத நாயுடு எழுதிய சரீர வினா விடை 1865 இல் வெளிவந்தது. எனினும் ஒரு முழு மருத்துவப் பாடத்திட்டத்துக்கும் வேண்டிய நூல்வரிசை யாழ்ப்பாணத்திலேயே உருவானது.

கலைச்சொல்லாக்கம்

கிறீனின் பணியில் மிகக் கடினமான பகுதி கலைச்சொல்லாக்கம் ஆகும். தமிழ் மருத்துவ மரபில் சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் அவை வேறொரு மருத்துவக் கொள்கையின் அடிப்படையில் அமைந்தவை. எடுத்துக்காட்டாக, நாடி என்னும் சொல் மரபு மருத்துவத்தில் துடிப்பையும், உடலில் ஓடும் குழாய்களையும், அவற்றில் இயங்குவதாகக் கருதப்படும் ஆற்றலையும் குறிக்கும். நரம்பு என்னும் சொல்லும் வழக்கில் இரத்தக் குழாய், தசைநாண் ஆகியவற்றையும் சேர்த்தே குறித்து வந்தது. அறுவை மருத்துவம் கற்கும் மாணவனுக்கு இவற்றைத் தனித்தனியே பிரித்துச் சொல்லாவிடில் ஆபத்து நேரும். ஆகவே பழைய சொற்களுக்குப் பொருள் வரையறை செய்யவும், இல்லாதவற்றுக்குப் புதுச்சொல் ஆக்கவும் வேண்டியிருந்தது.

கிறீன் பின்பற்றிய வழிகள் அவருடைய நூற்பெயர்களிலேயே காணப்படுகின்றன. முதலாவது, மக்கள் வழக்கிலும் மரபு மருத்துவத்திலும் இருந்த சொற்களை எடுத்தாளுதல். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகியன இவ்வகையின. அங்காதிபாதம் என்பதும் யாழ்ப்பாணத்து மரபு வைத்தியத்தில் ஒரு நூலுக்குப் பெயராக வழங்கியதே. இரண்டாவது, வடமொழி வேர்களைக் கொண்டு சொல்லாக்குதல். உற்பாலனம் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுதல். கெமிஸ்தம் என்பது இவ்வாறு உருவானது.

வடமொழிக் கலப்பு மிகுந்த இந்நடை அக்காலத்துக் கற்றோர் வழக்கை ஒட்டியது. பிற்காலத்தில் தனித்தமிழ் நோக்குடன் சொற்கள் ஆக்கப்பட்டபோது இவற்றுட் பல கைவிடப்பட்டன. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆகிவிட்டது. சுகரணம் இலங்கையில் உடற்றொழிலியல் என்றும், தமிழ்நாட்டில் உடலியங்கியல் என்றும் வழங்குகின்றது. கெமிஸ்தம் இலங்கையில் இரசாயனவியல் எனவும் தமிழ்நாட்டில் வேதியியல் எனவும் அறியப்படுகின்றது. சொற்கள் மாறினாலும், உள்ள சொல்லை முதலில் தேடுதல், பின்னர் ஆக்குதல், இறுதியாகக் கடன் பெறுதல் என்னும் வரிசை இன்றும் கலைச்சொல்லாக்கத்தில் பேசப்படுவதே.

பண்பாடு பற்றிய நிலைப்பாடு

கிறீன் உறுதியான கிறித்தவ மதப்பணியாளர். மக்கள் கிறித்தவராக மாறவேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால் அவர்கள் ஐரோப்பியரைப் போல மாறுவதை அவர் விரும்பவில்லை. தம் மாணவர்கள் உடையிலும் உணவிலும் பழக்கவழக்கங்களிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என வலியுறுத்தினார். மேனாட்டு உடையும் வாழ்க்கை முறையும் மருத்துவரை ஊராரிடமிருந்து பிரிப்பதோடு, அவருடைய செலவையும் உயர்த்திவிடும் என்பது அவரது கணிப்பு. செலவு உயர்ந்தால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் ஏழைகள் மருத்துவரை நாடமாட்டார்கள். அவ்வகையில் மொழியையும் உடையையும் பற்றிய அவருடைய கருத்துகளுக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது.

ஒரு வெளிநாட்டவர், உள்ளூர் இளைஞர் எதை உடுத்தவேண்டும், எந்த மொழியில் கற்கவேண்டும் என முடிவு செய்வதில் உள்ள அதிகாரமும் கவனிக்கத்தக்கதே. ஆயினும் கிறீன் தாம் மற்றவரிடம் கேட்டதைத் தாமும் செய்தார். தமிழைக் கற்று, அம்மொழியிலேயே தம் வாழ்நாளின் பெரும் உழைப்பைச் செலுத்தினார்.

இறுதிக் காலம்

உடல்நலம் குன்றியமையால் 1873 இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். இரு தடவைகளிலுமாக ஏறத்தாழ 21 ஆண்டுகள் அவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியிருந்தார். திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணி நிற்கவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். 1875 முதல் 1884 வரை வெளிவந்த நூல்கள் அவர் அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தவை. அருகில் தமிழ் பேசுவோர் இல்லாத ஓர் ஊரில் இருந்துகொண்டு, மீண்டும் காண வாய்ப்பில்லாத மாணவர்களுக்காக அவர் தமிழில் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1884 மே 28 இல், தமது 61 ஆவது வயதில், கிறீன் ஹில்லில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். இந்து பதார்த்த சாரம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. அவருடைய விருப்பப்படி, தமிழருக்கு மருத்துவப் பணியாளராக இருந்தவர் என்னும் குறிப்பு அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டது.

கிறீனுக்குப் பின்

கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்து, அரசு ஏற்புடைய தகுதியை வழங்கியது. அத்தகுதி இல்லாதவருக்கு அரசுச் சேவையில் இடமில்லாமற் போனது. மருத்துவ அறிவு வேகமாக மாறிவந்தமையால் பாடநூல்களை மறுபடியும் மறுபடியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நுண்ணுயிர்களே தொற்றுநோய்களுக்குக் காரணம் என்னும் கண்டுபிடிப்புகள் பெருகியது கிறீனின் இறுதிக் காலத்திலேயாகும். நூல்களைப் புதுப்பிக்க மற்றொரு கிறீனோ, அதற்கு நிதி வழங்கும் நிறுவனமோ இருக்கவில்லை. அவர் அமைத்த கல்விமுறை ஒரு தனிமனிதரின் உழைப்பில் தங்கியிருந்தது அதன் முதன்மையான குறைபாடு எனலாம்.

மானிப்பாய் மருத்துவமனை 1893 இல் வந்த தோமஸ் ஸ்கொட், மேரி ஸ்கொட் ஆகிய மருத்துவத் தம்பதியரால் புத்துயிர் பெற்றது. கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயருடன் அது இன்றும் மானிப்பாயில் உள்ளது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

1978 இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. தமிழ் பேசுவோர் இலங்கையில் சிறுபான்மையினர். ஆதலால், தமிழ் அறியாத மருத்துவரிடமோ தாதியரிடமோ நோயைச் சொல்ல முடியாமல் இடர்ப்படும் நிலை மலையகத்திலும் ஏனைய பகுதிகளிலும் தமிழ் நோயாளிகளுக்கு நேர்வதுண்டு. தமிழ் மருத்துவருக்கும்கூட, ஆங்கிலத்தில் கற்ற நோய் விளக்கத்தை நோயாளியிடம் தமிழில் கூறுவது தனிப் பயிற்சி வேண்டும் ஒன்றாகவே உள்ளது. இந்தியாவில் மருத்துவத்தை இந்திய மொழிகளில் கற்பிப்பது பற்றிய விவாதம் அண்மைக் காலத்தில் மீண்டும் எழுந்துள்ளது. 2022 ஒக்டோபரில் மத்தியப் பிரதேச மாநிலம் முதலாண்டு மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. கிறீன் எதிர்கொண்ட பாடநூல், கலைச்சொல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்று சிக்கல்களும் இவ்விவாதத்திலும் முன்வைக்கப்படுகின்றன.

நினைவும் ஆய்வும்

கிறீனின் கடிதங்களைத் தொகுத்து எபனேசர் கட்லர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1891 இல் அமெரிக்காவில் வெளியானது. தமிழில் கிறீனைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் ஈழத்துக் கவிஞர் அம்பி (இ. அம்பிகைபாகர்) ஆவார். இவர் எழுதிய கிறீனின் அடிச்சுவடு 1967 இல் வெளிவந்தது. தொடர்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் கிறீன் பற்றி மேலும் நூல்கள் எழுதினார். வூஸ்டரில் கிறீன் குடும்பத்தின் நிலம் இன்று நகரப் பூங்காவாக உள்ளது.

கிறீனின் நூல்கள் மருத்துவப் பாடநூல்கள் என்ற வகையில் காலம் கடந்தவை. எனினும் உயர்கல்விக்குரிய அறிவியலை முழுமையாகத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் முடியும் என்பதற்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே அவை சான்றாக அமைந்தன. அந்நூல்களைப் படித்து மருத்துவரானோர் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் நோயாளிகளைப் பார்த்தனர். நோயாளி சொன்னது அவர்களுக்கும், அவர்கள் சொன்னது நோயாளிக்கும் விளங்கியது.